உப்புக் கிட்டங்கியில் நகர்ந்த சிவப்புக் கோடுகள்

என் பிரியமான அண்ணனுக்கு,

உனக்கு எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். நம் வீட்டில் போனவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் இலை போட்டுப் படைப்பார்கள். கடிதம் எழுதுகிற வழக்கம் கிடையாது. அதிலும் நான், கடைக்குப் போனால் அண்ணாச்சி தானாகப் பார்த்து “ஏளா, ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்கும்வரை மூலையில் நிற்கிறவள். இப்படிப் பத்திரிகையில் நாலு பேர் பார்க்க உன்னோடு பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் துறைமுகத்தில் கொடி மாறிவிட்டது. நம் எஞ்சினீயர் தக்கைத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளைக் குல்லாய்க்கு வந்துவிட்டார். குல்லாய் வந்த பிறகும் ஏணியில் ஏறுவதில்லை. முத்துக்குளிப்பு இந்த வருஷமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நீ மேஸ்திரியாக இருந்து வேலை வாங்கிய புன்னைக்காயல் ஆட்கள் இன்னும் இரும்பில்தான் இருக்கிறார்கள். கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துச் சிப்பி பொறுக்க வேண்டியவர்கள், முப்பது அடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு நட்டு முறுக்குகிறார்கள்.

நீ பார்க்காமல் போனதைச் சொல்கிறேன். நீ போன ஆறாவது மாதம், ஒருநாள் காலை, பூமி அசைந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. என் மேஜையில் மைக்கூடு தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஊரில் ஒரு மண்சுவர் விழவில்லை, ஒரு ஓடு சரியவில்லை. விழுந்தது ஒன்றே ஒன்று. நீ நின்று கட்டிய உப்புக் கிட்டங்கியில், மூட்டை அடுக்குகிற அந்தக் கொட்டகையில், நாலாவது தூணில் உட்கார்ந்திருந்த இரும்பு உத்திரம் ஒரு முனை நழுவிக் கீழே வந்தது. அதன் கீழே மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த செல்லக்கனிக்கு வலது பாதம் போய்விட்டது. அவளோடு தைக்கிற மற்றப் பெண்கள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார்கள்.

மண்சுவர் நிற்கிறது, இரும்பு விழுகிறது. இது எப்படி என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

எஞ்சினீயர் கேட்கவில்லை. அவர் சொன்ன முதல் வார்த்தை, “இதுக்குப் பேர் பூகம்பமே இல்லை, லேசான அதிர்வு” என்பது. தூத்துக்குடிக்குப் பூகம்பம் வராது என்று வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே சொன்னவர் அவர். ஆகவே வந்தது பூகம்பமாக இருக்க முடியாது. அவரிடம் உத்தரவு வாங்காமல் பூமி அசைந்ததில் அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. செல்லக்கனியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாரா என்று கேட்காதே.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கு அது அப்போதுதான் புரிந்தது. ரிவெட் என்றால், பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஓட்டையில் விட்டு அடிப்பார்கள். அது ஓட்டையை நிறைத்துக்கொண்டு ஆறும். யுத்தத்தின்போது ரிவெட் அடிக்கிறவர்கள் கப்பல் பட்டறைகளுக்குப் போனார்கள், திரும்பவில்லை. அதனால் நம் கிட்டங்கிக்கு போல்ட். போல்ட் ஓட்டையை நிறைக்காது, சுற்றிலும் கொஞ்சம் இடம் விடும். வந்து இறங்கிய உத்திரங்களின் ஓட்டைகளோ தூணின் ஓட்டைகளோடு சேரவே இல்லை. அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நீ கத்தினாய். காஸ் நெருப்பு வைத்து வெட்டி ஓட்டையைப் பெரிதாக்கச் சொன்னது யார்? “போட்டு முடிங்க மேஸ்திரி, உத்திரம் எங்க ஓடிப்போகப் போகுது?” என்று சிரித்தது யார்?

உத்திரம் தூணைத் தொடுகிற இடத்தில் கீழே ஒரு கோண இரும்புத் தாங்கி, அதில் இரண்டு போல்ட். மேலே ஒரு சின்னக் கோண இரும்பு, அதில் இரண்டு போல்ட். தாங்கியின் அகலம் என் உள்ளங்கை அளவுகூட இல்லை. கனம் மேலிருந்து கீழே இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும், பக்கத்திலிருந்து எதுவும் தள்ளாது, எதுவும் இழுக்காது என்று போட்ட கணக்கு அது. அந்தக் கணக்குத் தாள்களை டைப் செய்தவள் நான்தான். கணிதத்தில் பி.ஏ. வாங்கிய நான், கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எஞ்சினீயரை ஏசுகிற வாயால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

உத்திரம் விழுந்த நாலாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, தான் சொல்லச் சொல்ல அறிக்கையை எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் உன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. “ஆபீசுல நம்ம ஒறவச் சொல்லிராத. ஸ்பேனர்காரன் தங்கச்சின்னா ஒனக்கு நாற்காலி போடமாட்டானுவ” என்று சொன்னவன் நீதானே? நீ காகிதத்தில் கையெழுத்து வாங்க உள்ளே வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீ சத்தமாக “டைப்பிஸ்ட் அம்மா, கும்பிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போவாய். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

“எழுதிக்கோங்க. காலஞ்சென்ற மேஸ்திரி நட்டுகளைச் சரிவர முறுக்காமல் விட்டதே விபத்துக்குக் காரணம். எழுதியாச்சா, மிஸ் இசக்கி?”

“எழுதியாச்சு சார்.”

“அந்தக் ‘காலஞ்சென்ற’ முக்கியம். விட்டுடாதீங்க.”

நான் விடவில்லை. இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. “நீட் ஒர்க்” என்றார். ஒருவன் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டது இவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் பார். நீ உயிரோடு இருந்திருந்தால், பாவம், அந்த மனுஷன் இன்னும் இரண்டு வரி யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் கிட்டங்கிக்குப் போனேன். சவரிமுத்து அண்ணாச்சி தன் ஆட்களோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். உனக்கு அடுத்தபடியாக இரும்பில் தொங்கியவர் அவர்தான்.

“ஏளா, நீ மேஸ்திரி தங்கச்சில்லா? இங்கன என்ன சோலி?”

“மேல ஏறிப் பாக்கணும் அண்ணாச்சி.”

“கால்சட்டை போட்ட எஞ்சினீயரே ஏறல. நீ சேலையோட ஏறப் போறியாக்கும்?” என்றார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். அவர் எழுந்து வந்தார். “சரி தாயி. நான் ஏணியப் பிடிச்சிக்கிடுதேன். மூஞ்சிய அங்கன திருப்பிக்கிடுதேன். ஏலே, ஒருத்தனும் இந்தப் பக்கம் பாக்கப்படாது. பாத்தான், அவன் கயித்த அறுத்துருவேன்.”

ஏழு ஆண்கள் எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். ஆபீசில் இரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தும் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

மேலே நான் கண்டதைக் கேள். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும், நட்டின்மேல் தொடங்கி இரும்புத் தகடுவரை சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுக்கிற பழக்கம் உனக்கு உண்டு. அந்தக் கோடுகள் நாலாவது தூணிலும் பக்கத்துத் தூண்களிலும் இருந்தன. ஆனால் ஒடிந்திருந்தன. தகட்டில் ஒரு பாதி அப்படியே நிற்க, நட்டிலிருந்த பாதி சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போயிருந்தது. சில நட்டுகள் அரைச் சுற்று, சில ஒன்றரை. முறுக்காமல் விட்ட நட்டுக்கு யார் கோடு போடுவார்கள்? நீ முறுக்கியிருக்கிறாய்; அது பிறகு கழன்றிருக்கிறது. போல்ட்டுகள் அகலமான ஓட்டைக்குள் ஆடி ஆடி ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தன. ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. உத்திரத்தில் தொங்கி ஓடுகிற மூட்டை டிராலி ஆறு மாதம் அவற்றை ஆட்டியிருக்கிறது. பூமி வந்து மிச்ச வேலையை முடித்துவைத்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஏணியிலேயே சிரித்துவிட்டேன். “என்ன, தல சுத்துதா?” என்று சவரிமுத்து அண்ணாச்சி கடலைப் பார்த்தபடியே கேட்டார். அதோடு இறங்கியிருக்கலாம். படித்த புத்தி விடவில்லை. ஏணியை நகர்த்தச் சொல்லி ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். கடைசித் தூண் இரண்டிலும் கோடுகள் நேராக இருந்தன. ஒன்றுகூட ஒடியவில்லை.

“இது மட்டும் ஏன் அண்ணாச்சி இப்படி?”

“அது மேஸ்திரி காச்சல்ல கெடந்த வாரம் நாங்களா போட்டது. கோடும் நான்தான் இழுத்தேன். அப்பம் எண்ணெ தீந்துபோச்சி, எண்ணெ போடாமத்தான் மாட்டுனோம்.”

உப்புக் காற்றில் இரும்பு அரித்துவிடும் என்று, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயில் போல்ட்டுகளை முக்கி எடுத்துப் போடச் சொன்னது நீ. இரும்பும் இரும்பும் ஒட்டுகிற முகத்திலும் அதையே தடவச் சொன்னாய். எந்த வரைபடத்திலும் அது இல்லை. கடைசித் தூண்களின் நட்டுகளில் துரு ஏறியிருந்தது. சவரிமுத்து அண்ணாச்சி மேலே வந்து ஸ்பேனர் வைத்து இழுத்தும் அவை அசையவில்லை. நீ விரட்ட நினைத்த துருதான் அங்கே பிடித்துவைத்திருந்தது. நீ நம்பின எண்ணெய்தான் மற்ற இடங்களில் நட்டை வழுக்கிவிட்டது.

ஏன் அண்ணே, வழுக்குவதற்கென்றே உள்ள ஒன்றை, வழுக்கவே கூடாத இடத்திலா தடவுவது? கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் நல்லதென்றால் தூணுக்கும் நல்லது என்று யார் சொன்னார்கள்? கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் நீ கேட்கவே இல்லை. எஞ்சினீயரைப் போலவே நீயும் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு நாள், எண்ணெயைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று இருந்தேன். ஆனால் பக்கத்து மனையில் இரண்டாவது கிட்டங்கிக்குத் தூண் நட்டுவிட்டார்கள். அதே வரைபடம், அதே உள்ளங்கைத் தாங்கி. மேஸ்திரி முறுக்காததுதான் காரணம் என்றால் வரைபடத்தில் குற்றமில்லை, அப்படியே கட்டலாம். அங்கே உன் ஆட்கள் முன்னைவிடத் தாராளமாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள், உன் ஞாபகமாக. அந்தக் கூரைக்குக் கீழே இருபது பெண்கள் உட்காரப் போகிறார்கள்.

ஆபீஸ் அலமாரியில் எஞ்சினீயரின் கைப்புத்தகம் ஒன்று உண்டு. கண்ணாடிக்குப் பின்னால், வருகிறவர்கள் பார்வையில் படும்படி இருக்கும். அதை எடுத்துப் பிரித்தேன். அச்சகத்தில் மடித்தபடி ஒட்டியிருந்த பாதிப் பக்கங்களின் ஓரம்கூட வெட்டப்படவில்லை. பூமி அசைகிற இடங்களில் தூணும் உத்திரமும் எப்படிச் சேர வேண்டும் என்ற அத்தியாயம் வெட்டாத பக்கங்களுக்குள் பத்திரமாக இருந்தது. என் கொண்டை ஊசியால் வெட்டிப் படித்தேன்.

கிட்டங்கி முதலாளிக்கு நாலு பக்கத்தில் ஆட்சேபணை எழுதினேன். ஓட்டை, தாங்கி, பக்கவாட்டு இழுப்பை எண்ணாத கணக்கு, கோடுகள் எல்லாம் எழுதி, எண்ணெயைப் பற்றியும் ஆறு வரி எழுதினேன். அடியில் ‘இசக்கியம்மாள், பி.ஏ., மேஸ்திரியின் தங்கை’ என்று போட்டேன்.

முதலாளி என்னையும் எஞ்சினீயரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரத்தில் வந்தவர், வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“தங்கையா? முன்னாடியே சொல்லலையே!” என்றார் எஞ்சினீயர்.

“நீங்க கேக்கல சார்.” என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் என் நாலு பக்கங்களையும் புரட்டி, அந்த ஆறு வரியைக் கண்டுபிடித்தார். எவ்வளவு கூர்மையான கண்! ஏணி வேண்டியிருக்கவில்லை. “இதோ, இவங்களே ஒத்துக்கறாங்க. சுறா எண்ணெய்! மீன் கழுவற கையை இரும்புல விட்டா இப்படித்தான்” என்று வாய்விட்டுச் சிரித்தார். மீதிப் பக்கங்களை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. “எண்ணெ கெடக்கட்டும். அடுத்தது விழாம இருக்க என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க.”

எஞ்சினீயர் கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன். தாங்கி இரண்டு மடங்கு அகலமாக வேண்டும், அதற்குக் கீழே முட்டுக்கொடுக்க ஒரு தகடு வேண்டும். ஓட்டையைக் காஸில் வெட்டாமல் துளைத்துச் சீராக்கி, அதில் இறுக்கமாக உட்காரும்படி கடைந்த போல்ட் போட வேண்டும், இரண்டுக்குப் பதில் ஆறு. ஒவ்வொரு நட்டுக்கு மேலும் இன்னொரு நட்டு. எண்ணெய் ஒரு சொட்டுக் கூடாது. முறுக்கிய பிறகு வெளியே மட்டும் பெயின்ட். இவ்வளவையும் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

“செய்யலாம்” என்றார் எஞ்சினீயர், என் புத்தியைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்போல. “ஆனா முதல் வரைபடம் தப்புன்னு எங்கேயும் பதிவாகக் கூடாது. இவங்க ஆட்சேபணையை வாபஸ் வாங்கி, மேஸ்திரியோட கவனக்குறைவுதான்னு குடும்பத்து சார்பா ஒரு கையெழுத்துப் போடட்டும். ரெண்டு கிட்டங்கிக்கும் நான் புது வரைபடம் தரேன். ‘மேம்பாடு’ன்னு பேர் போட்டுக்கலாம்.”

“போட்டுரு தாயி” என்றார் முதலாளி. “செத்தவனுக்குப் பேரு எதுக்கு?”

செத்தவனிடம் வேறு என்ன இருக்கிறது, அண்ணே? ஆனால் கையெழுத்து இல்லாவிட்டால் புது வரைபடம் இல்லை, அந்த இருபது பெண்களும் பழைய தாங்கிக்குக் கீழேதான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

புது வரைபடம் ஒரு வாரத்தில் வந்தது. நான் சொன்ன ஆறு போல்ட்டும் இருந்தன. அடியில் அவர் பெயர். அந்த மேம்பாட்டைப் பாராட்டி மேலிடத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அதைக் கோப்பில் சேர்த்ததும் நான்தான். இப்போது வருகிறவர்களிடமெல்லாம், பூமி அசைந்தாலும் அசையாத கட்டடம் என்று விளக்குகிறார். தூத்துக்குடிக்குப் பூகம்பம் வரும் என்பதை அவர் எந்த நாளில் கண்டுபிடித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அவரோடு பேசியதுகூடப் பெரிதில்லை. சவரிமுத்து அண்ணாச்சியிடம் எண்ணெயை நிறுத்தச் சொன்னதுதான் கஷ்டம்.

“யாரு நிறுத்தச் சொன்னா? இது மேஸ்திரி சொன்ன எண்ணெயாக்கும்!”

“அவன் சொன்னது தப்பு அண்ணாச்சி.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “கூடப்பொறந்தவளே சொல்லுதா” என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு எண்ணெய்ப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய் மணலில் கவிழ்த்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு போல்ட்டில்கூட எண்ணெய் இல்லை. நான் ஏறிப் பார்த்தேன்.

போன திங்கட்கிழமை இரண்டாவது கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலை தொடங்கிவிட்டது. செல்லக்கனி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

“ஏளா, மேல கெடக்குறது எறங்கி வராதுல்லா?”

“வராது அக்கா.”

“நீ சொல்லுத, வாரேன். அந்தக் குல்லாக்காரன் சொல்லியிருந்தாம்னா இப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.” உள்ளே போய், தூணுக்குப் பக்கத்திலேயே, வேண்டுமென்றே, சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி என் மேஜைக்கு வருகிற எந்தக் கணக்கையும், பூமி அசைந்தால் இது என்ன ஆகும் என்று கேட்காமல் டைப் அடிக்க மாட்டேன். குரல் எழும்பாவிட்டால் எழுதிக் கேட்பேன். இந்தக் கடிதம் வெளிவந்த பிறகு அந்த மேஜை எனக்கு இருக்குமா என்று தெரியாது. இல்லாவிட்டால் வேறு மேஜையில் கேட்பேன்.

கேட்க நினைத்ததை இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டது அம்மாவுக்குத் தெரியாது. என்ன காகிதம் என்று கேட்டாள். ஆபீஸ் காகிதம் என்றேன். வெள்ளிக்கிழமை இது பத்திரிகையில் வந்துவிடும். தெருவில் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள், அவள் பிள்ளை வேலை தெரியாதவன் என்று பெற்ற மகளே எழுதிக்கொடுத்தாள் என்று. நீ அவள் கனவில் அடிக்கடி வருகிறாயாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டு வா. உன் பெயரை விட்டுக்கொடுக்கும்படி நான் உன்னிடம் கேட்டேன் என்றும், நீயே மனசாரத் தந்தாய் என்றும் அவளிடம் சொல். எனக்காக அந்த ஒரு பொய் சொல்ல மாட்டாயா?

உன் கூடப்பிறந்த தங்கை,
இசக்கி